ஏர் ரைஃபிளில் முயல் வேட்டை: முதலில் தாளைச் சுடப் பழகுங்கள்

முயலை எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பதுதான் ஏர் ரைஃபிள் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. துப்பாக்கிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஏர் ரைஃபிள் குண்டு பட்டதும் முயல் அந்த நொடியே சாக வேண்டுமானால், கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவில் இருக்கும் மூளைப் பகுதியில் பட வேண்டும். அதன் அகலம் ஏறக்குறைய 2.5 செ.மீ.தான். அந்த அளவு வட்டத்துக்குள் குண்டுகளைத் தவறாமல் போட உங்களால் எவ்வளவு தூரத்திலிருந்து முடிகிறதோ, அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். ஒருவருக்கு அது 15 மீட்டராக இருக்கும், அதே துப்பாக்கியை வைத்திருக்கும் இன்னொருவருக்கு 35 மீட்டராக இருக்கும். அந்தத் தூரம் எது என்று தாள்தான் சொல்லும். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் தாள் இலக்கைப் பற்றியே பேசப்போகிறேன்.

அதற்கும் முன்னால் சட்டம். ஏர் ரைஃபிள் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏர் ரைஃபிளுக்கும் துப்பாக்கி உரிமம் எடுத்தாக வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம், எந்த ஆயுதத்தால் என்றாலும் சரி. அங்கே இருப்பவர்கள் இலக்குப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே பல வருடங்களுக்குக் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. வேட்டை அனுமதி உள்ள நாட்டில் இருந்தாலும் நில உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக் கையோடு வைத்திருங்கள். எந்த வேலி வரை போகலாம், ஆடுமாடுகள் எந்தப் பக்கம் மேயும், நடைபாதை எங்கே போகிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகத் தொடங்குபவர் இரண்டு வகைகளைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும். ஒன்று ஸ்ப்ரிங் துப்பாக்கி. குழலை மடக்கியோ, அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்தோ உள்ளே உள்ள ஸ்ப்ரிங்கை அமுக்கி வைக்கிறோம். ட்ரிகரை அழுத்தினால் ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும், பிஸ்டன் காற்றை அமுக்கும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். இன்னொன்று பிசிபி எனப்படும், முன்கூட்டியே காற்று நிரப்பி வைக்கும் துப்பாக்கி. அதன் சிலிண்டரில் பெரும்பாலும் 200 பார் அல்லது அதற்கு மேல் அழுத்தத்தில் காற்று இருக்கும். முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் காற்று சிலிண்டரிலிருந்தோ கைப்பம்பினாலோ நிரப்பலாம். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது. உள்ளே இருக்கும் துளி மசகெண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும்.

பிசிபியில் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆகவே துல்லியமாகச் சுட எளிது. ஆனால் காற்று நிரப்பும் ஏற்பாடு வேண்டும், செலவும் அதிகம். ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு ஒரு டப்பா குண்டு போதும், வேறெதுவும் வேண்டாம். ஆனால் அதைச் சரியாகப் பிடிக்கக் கற்க நாளாகும். என் அபிப்பிராயம், பொறுமை உள்ளவர்கள் ஸ்ப்ரிங்கில் தொடங்கலாம். அதில் தேறியவர் கையில் எந்தத் துப்பாக்கியும் நிற்கும். அடுத்த மாதமே வயலில் இறங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பிசிபி வாங்குவது முயலுக்கும் நல்லது.

காற்றுத் துப்பாக்கியைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை காற்று அடைத்த துப்பாக்கியைப் போர்க்களத்துக்கே கொண்டுபோனது.

விட்டத்தில் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. என்ற இரண்டு அளவுகள்தான் பரவலாக இருக்கின்றன. ஒரே ஆற்றலில் 4.5 குண்டு வேகமாகவும் தட்டையான பாதையிலும் போகும். 5.5 குண்டு கனமானது, மெதுவாகப் போகும், அதிகம் வளையும், ஆனால் பட்ட இடத்தில் கூடுதலாக வேலை செய்யும். முயல் தலைக்கு இரண்டும் போதும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் தேறாத புதியவருக்கு 4.5 கொஞ்சம் மன்னிக்கும் என்பதால் அதையே சொல்வேன். தாள் இலக்கு மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒலிம்பிக்கிலும் 4.5தான்.

குண்டு

ஏர் ரைஃபிள் குண்டுக்கு இடை சிறுத்து, பின்புறம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். காற்று அந்த விரிந்த ஓரத்தை அழுத்திக் குழலோடு ஒட்டவைக்கும். தலை தட்டையாக இருப்பது தாளுக்கு. ஓட்டை வட்டமாக வெட்டி விழும், எண்ணுவது எளிது. தலை உருண்டையாக இருப்பது வேட்டைக்கு. காற்றை நன்றாகக் கிழித்துப் போகும், தூரத்தில் நிலை தவறாது. கூர்முனை, நடுக்குழி என்று டப்பாவில் கவர்ச்சியாக எழுதியிருப்பவை பின்னால் பார்த்துக்கொள்ளலாம். உருண்டையான இரும்பு பி.பி. குண்டுகளைத் தொடவே வேண்டாம். குழலின் உள்வரிகளைத் தேய்க்கும், கடினமான பொருளில் பட்டால் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும்.

ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த குண்டு என்று ஒன்று உண்டு. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டில்கூட இது மாறும். நாலைந்து வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதையே பிறகு மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டுகள் பெரும்பாலும் ஈயம். சுடும்போது எதையும் சாப்பிடக் கூடாது, குண்டை வாயில் வைத்துக்கொள்ளக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

யாரும் காயப்படாமல் இருக்க

துப்பாக்கியில் குண்டு இருக்கிறது என்று எப்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். குழல்வாய் மனிதரையோ வீட்டையோ பார்க்கக் கூடாது. குறி பார்த்து முடிக்கும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும். கல், கான்கிரீட், கெட்டியான மரம், தண்ணீர் எல்லாமே குண்டைத் திருப்பி அனுப்பும். பயிற்சியின்போது கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம்.

ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு மட்டும் மூன்று விஷயங்கள். குழலை மடக்கிக் குண்டு வைக்கும்போது இன்னொரு கையால் குழலை விடாமல் பிடித்திருங்கள். ஸ்ப்ரிங் விடுபட்டால் குழல் படாரென்று மேலே அடித்து விரலை நசுக்கும். குண்டு இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள். எதிரே காற்றுத் தடை இல்லாததால் பிஸ்டன் போய் முட்டி உள்ளே சேதமாகும். குழலுக்குள்ளோ காற்று அறைக்குள்ளோ எண்ணெய் விடாதீர்கள். அமுக்கப்படும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு, சத்தத்தோடும் புகையோடும் குண்டின் வேகம் கண்டபடி மாறும்.

பயிற்சிக்கு ஒரு குண்டுப் பொறி செய்துகொள்ளுங்கள். கெட்டியான பெட்டியில் பழைய துணியை இறுக்கி அடைத்து, பின்பக்கம் ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தினால் போதும். அதை மண்மேட்டுக்கு முன்னால் வைத்தால் இன்னும் நல்லது. துணி ஒரே இடத்தில் நைந்துபோயிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

தாளுக்கு முன்னால்

10 மீட்டரில் தொடங்குங்கள். ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் போட்டியின் தூரமும் இதுதான். அங்கே பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், அதைச் சுடும் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. 2008 பெய்ஜிங்கில் இந்தப் போட்டியில்தான் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 10 மீட்டர் என்பது சின்னப் பிள்ளைகளின் தூரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பிடியில், மூச்சில், விரலில் இருக்கும் ஒவ்வொரு குறையையும் அந்தத் தூரமே காட்டிக்கொடுக்கும்.

முதல் சில நாட்கள் உட்கார்ந்தோ படுத்தோ சுடுங்கள். துப்பாக்கியைத் தோள்குழியில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியவிடுங்கள். கன்னம் இடம் மாறினால் ஸ்கோப்புக்குள், அதாவது துப்பாக்கிமேல் பொருத்தியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள், கண் பார்க்கும் கோணம் மாறும், குறி சரியாகத் தெரிந்தாலும் குண்டு வேறு எங்கோ போகும். குறி பார்த்தபின் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பி இலக்கை விட்டு நகர்ந்திருந்தால் கையால் துப்பாக்கியை இழுத்துச் சரிசெய்யாதீர்கள். இடுப்பையோ காலையோ நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். தசையால் இழுத்துப் பிடித்த குறி, ட்ரிகர் விடுபடும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடும்.

மூச்சை உள்ளே இழுத்து, பாதி வெளியே விட்டதும் ஓர் அமைதி வரும். அந்த நாலைந்து நொடிக்குள் சுட வேண்டும். தாண்டிவிட்டால் கை ஆடத் தொடங்கும், கண் மங்கும். அப்போது பிடிவாதமாகச் சுடாமல் துப்பாக்கியை இறக்கி மறுபடி தொடங்குங்கள். இறக்கி வைக்கும் இந்தப் பழக்கம்தான் பிற்பாடு வயலில் உங்களைக் காப்பாற்றும். ட்ரிகரை விரல் நுனியின் சதைப்பகுதியால் நேராகப் பின்னால் அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காமல், எப்போது விடுபட்டது என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு மெல்ல. விடுபட்ட பிறகும் தலையைத் தூக்காமல் ஸ்கோப்புக்குள்ளேயே இருந்து, குண்டு விழுந்த இடத்தைப் பாருங்கள்.

இந்தக் கடைசி விஷயம் ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு உயிர்நாடி. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் எகிறும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆகவே இறுக்கிப் பிடித்தால் குண்டு ஒரு பக்கம், தளர்வாகப் பிடித்தால் இன்னொரு பக்கம். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தளர்வாகப் பிடிப்பது. முன்னால் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கியைப் படுக்கவையுங்கள், விரலால் கவ்வ வேண்டாம். தோளில் லேசாகப் பட்டால் போதும். துப்பாக்கி அதன் இஷ்டப்படி உதைக்கட்டும். மேசையிலோ கல்லிலோ நேராகச் சாய்த்து வைத்தால் துள்ளிவிடும், நடுவில் உங்கள் கை இருக்க வேண்டும். பிசிபிக்கு இந்தப் பாடு இல்லை.

ஸ்கோப்பைச் சீரமைப்பது

ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கென்று சொல்லி விற்கும் ஸ்கோப்பையே வாங்குங்கள். பெரிய துப்பாக்கியின் ஸ்கோப் பின்னால் வரும் உதைப்பைத் தாங்கும், ஏர் ரைஃபிளின் முன்புற எகிறலில் அதன் கண்ணாடிகள் கழன்றுவிடலாம். பொருத்தும் வளையங்கள் பின்னால் நகர்ந்துவிடாதபடி தடுப்பு முள்ளையும் கவனியுங்கள்.

முதலில் 10 மீட்டரில் குண்டு தாளில் விழும்படி செய்யுங்கள். அப்புறம் 30 மீட்டருக்குப் போய் ஐந்து குண்டு சுட்டு, அந்த ஐந்தின் நடுவைப் பாருங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருகைத் திருப்பாதீர்கள், அந்த ஒன்று உங்கள் கையின் நடுக்கமாக இருக்கலாம். நடு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு திருப்பி, மறுபடி ஐந்து. பல ஸ்கோப்புகளில் திருகின் ஒரு கிளிக் கால் கோண நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கோண நிமிடம்). 30 மீட்டரில் அது ஏறக்குறைய 2 மி.மீ. நகர்த்தும். ஆக 2 செ.மீ. தள்ளி விழுந்தால் 9 அல்லது 10 கிளிக்.

30-இல் சரிசெய்துவிட்டால் எல்லாத் தூரத்துக்கும் சரியாகிவிடாது. ஸ்கோப் குழலுக்கு மேலே 4, 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குண்டு கீழிருந்து ஏறி, பார்வைக் கோட்டைத் தாண்டி, மறுபடி இறங்கும். நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போகும் அரை கிராம் சொச்ச 4.5 குண்டை 30 மீட்டருக்குச் சரிசெய்தால், 10 மீட்டரில் அது சுமார் 1 செ.மீ. கீழே விழும், 20-இல் அரை செ.மீ. சொச்சம் மேலே, 40-இல் மூன்றரை செ.மீ. கீழே. அதே ஆற்றலில் சுடும் 5.5 குண்டு 20 மீட்டரில் 2.5 செ.மீ. மேலேயும் 40-இல் 7 செ.மீ. கீழேயும் போகும். மூளைப் பகுதியின் அகலம் 2.5 செ.மீ. என்று சொன்னேன் அல்லவா, தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டால் என்ன ஆகும் என்று இந்த எண்களே சொல்லும். உங்கள் துப்பாக்கியின் எண்களை நீங்களே 10, 15, 20 என்று ஐந்து ஐந்து மீட்டராகச் சுட்டுப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவையுங்கள்.

காற்றையும் எண்ணிக்கொள்ளுங்கள். நொடிக்கு 4, 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, அதாவது இலைகளும் சின்னக் கிளைகளும் விடாமல் ஆடுகிற அளவு காற்று, 30 மீட்டரில் 4.5 குண்டை ஏறக்குறைய 4 செ.மீ. தள்ளிவிடும். அப்படிப்பட்ட நாளில் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது தாளோடு இருந்துவிடுங்கள்.

உங்கள் தூரம் எது?

அட்டையில் 2.5 செ.மீ. வட்டம் வரைந்துகொள்ளுங்கள். 15 மீட்டரில் வையுங்கள். மேசை, நாற்காலி எல்லாம் விட்டுவிட்டு, வயலில் எப்படிச் சுடப்போகிறீர்களோ அப்படியே சுடுங்கள். புல்லில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, குளிருக்குப் போடும் அதே சட்டையோடு. ஐந்தும் உள்ளே விழுந்தால் 20. அதிலும் விழுந்தால் 25. எங்கே ஒரு குண்டு வெளியே போகிறதோ அதற்கு முந்தைய தூரம்தான் உங்களுடையது. நின்றுகொண்டு சுட்டால் இது பாதிக்கும் கீழே இறங்கும். முழங்காலிட்டால் வேறு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தூரத்தை எழுதிவையுங்கள்.

இதைவிடக் கடுமையான ஒரு சோதனை இருக்கிறது, நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். பயிற்சிக்குப் போனதும், கை சூடாவதற்கு முன், புதிய அட்டையில் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். தேதி எழுதி அட்டையை எடுத்து வையுங்கள். பத்து அட்டை சேர்ந்ததும் எல்லாவற்றையும் அடுக்கிப் பாருங்கள். வயலில் முயல் உங்களுக்குத் தருவது அந்த முதல் குண்டை மட்டும்தான். ஐம்பதாவது குண்டு எவ்வளவு அழகாக விழுந்தது என்பது அங்கே உதவாது. பத்தில் பத்தும் வட்டத்துக்குள் இருக்கும் தூரத்தில்தான் உயிருள்ள ஒன்றைச் சுடும் தகுதி நமக்கு இருக்கிறது. இந்த விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். தலையில் படாமல் உடம்பில் குண்டு வாங்கிய முயல் வளைக்குள் ஓடிவிடும், இருட்டில் பல மணி நேரம் வலியோடு கிடந்து சாகும். நாம் அதைப் பார்க்கவும் மாட்டோம்.

முயல் இருக்கும் இடம்

ஐரோப்பிய முயல்தான் பல நாடுகளில் விவசாயிகளுக்குத் தலைவலி. ஆஸ்திரேலியாவில் 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காகத் தன் நிலத்தில் சில முயல்களை விட்டார். அவற்றின் சந்ததி கண்டம் முழுக்கப் பரவிப் பயிரையும் மண்ணையும் அழித்தது. ஒரு பெட்டை முயல் சுமார் 30 நாளில் குட்டி போடும், போட்ட கையோடு மறுபடி சினைப்படும். நில உரிமையாளர் உங்களை ஏன் கூப்பிடுகிறார் என்பது இதிலிருந்து புரியும்.

பகலில் ஒரு தடவை துப்பாக்கி இல்லாமல் நடந்து பாருங்கள். வேலியோரத்திலும் சரிவான மண்மேட்டிலும் வளைகள், வாயிலில் புதிதாகத் தள்ளிய மண், பட்டாணி அளவில் உருண்டையான புழுக்கை, கத்தரித்தாற்போல் மேய்ந்த புல். புழுக்கை ஈரமாகக் கருத்திருந்தால் நேற்றோ இன்றோ வந்திருக்கிறது. காய்ந்து வெளுத்திருந்தால் பழையது. வளையிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும் ஒற்றையடித் தடமும் புல்லில் தெரியும். குண்டைத் தாங்க மண்மேடு இருக்கும் பக்கத்தைப் பார்த்து, நீங்கள் உட்காரும் இடத்தை அப்போதே முடிவு செய்யுங்கள். அங்கிருந்து உங்கள் எல்லைத் தூரத்தை அளந்து, ஒரு கல்லோ குச்சியோ வைத்துவிட்டு வாருங்கள். அந்தக் கல்லுக்கு இந்தப்பக்கம் வரும் முயலைத்தான் சுடுவது. அந்திவெளிச்சத்தில் கண்ணளவு ஏமாற்றும், கல் ஏமாற்றாது.

முயல் விடியலிலும் அந்தியிலும் வெளியே வரும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகுப்பக்கமிருந்து அடித்தால் உங்கள் வாசனை முன்னால் போய்ச் சொல்லிவிடும். வெயில் முதுகில் இருந்தால் நல்லது. முயலின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் அது ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நிறத்தைவிட அசைவுதான் அதை உஷாராக்கும். மங்கிய நிறச் சட்டை, முகத்தையும் கையையும் மறைக்கும் துணி, சத்தம் போடாத துணி வகை, இவ்வளவு போதும்.

நகர்ந்து போவதானால் அது தலை குனிந்து மேயும்போது இரண்டு அடி, தலை தூக்கினால் சிலையாக நில்லுங்கள். காதைச் செங்குத்தாக நிறுத்தி உடம்பு விறைத்தால் சந்தேகப்பட்டுவிட்டது. பின்காலால் தரையைத் தொம்மென்று அடித்தால் மற்ற எல்லாமும் ஓடிவிடும். ஓடினாலும் நீங்கள் எழுந்து போகாமல் அரைமணி நேரம் அசையாமல் இருந்து பாருங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

சுடுவதற்கு முயல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், தலை அசையாமல் இருக்க வேண்டும், நடுவில் புல் தண்டுகூடக் குறுக்கே இருக்கக் கூடாது. இந்த லேசான குண்டை ஒரு தண்டு திருப்பிவிடும். பின்னால் மண் இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் முயலைச் சுடவே கூடாது. தலை ஆடிக்கொண்டே இருந்தால் நாக்கால் மெல்லச் சொடுக்குங்கள், பல நேரம் தலை தூக்கி நிற்கும். ஓடும் முயல் ஏர் ரைஃபிளுக்கு உரியது அல்ல. வளை வாயிலிலேயே நிற்பதைவிட இரண்டு மீட்டராவது வெளியே வந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

சுட்ட பிறகு

ஸ்கோப்பிலிருந்து கண் எடுக்காமல் உடனே அடுத்த குண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மூளையில் பட்ட முயலும் கொஞ்ச நேரம் காலை உதைக்கும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் அது உயிரில்லாத தசையின் துடிப்பாக இருக்கலாம். பின்பக்கமாகப் போய், ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் இறந்துவிட்டது. அசைந்தால் தாமதிக்காமல் தலையில் இன்னொரு குண்டு. இங்கே ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: இரண்டு மீட்டர் தூரத்தில் குண்டு குறுக்குக் கம்பிக்கு 3, 4 செ.மீ. கீழே விழும், அந்த அளவு மேலே குறி வைக்க வேண்டும்.

வேலியைத் தாண்டுவதற்கு முன் துப்பாக்கியை வெறுமையாக்குங்கள். ஸ்ப்ரிங்கை ஏற்றிக் குண்டு போட்டிருந்தால் மென்மையான மண்ணில் பக்கத்திலேயே சுட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

கண் வீங்கி, சீழ் வடிந்து, ஆள் வந்தாலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் முயலுக்கு மிக்ஸோமடோசிஸ் நோய். மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் அந்த முயலைச் சமைக்க வேண்டாம். வலியிலிருந்து அதை விடுவித்து ஆழமாகப் புதைத்துவிடலாம்.

சமையலுக்கு என்றால் முதலில் முயலைத் தலை மேலாகப் பிடித்து, அடிவயிற்றைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் கறியில் வாடை ஏறும். கையுறை போட்டுக்கொண்டு சீக்கிரமே குடலை எடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் அங்கேயே. துலரேமியா என்ற நோய் முயலின் ரத்தத்திலிருந்து கையில் உள்ள கீறல் வழியாக மனிதருக்கு வரக்கூடியது, அதனால்தான் கையுறை. ஈரலைப் பாருங்கள். பளபளப்பாகக் கருஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த முயலைச் சமைக்காதீர்கள். குண்டு பட்ட இடத்தைச் சுற்றியுள்ள சதையை ஈயத்துக்காகத் தாராளமாக வெட்டி எறியுங்கள். தலையில் மட்டும் சுட்டிருந்தால் மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும்.

காதை விரலால் கிழித்துப் பார்த்தால் இளசா முற்றலா என்று தெரியும். எளிதில் கிழிந்தால் இளசு, சீக்கிரம் வெந்துவிடும். கிழியாமல் தோல்போல் இருந்தால் முற்றல், மெல்லிய தீயில் இரண்டு மணி நேரமாவது மூடி வைத்து வேகவிட வேண்டும். முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, ஆகவே எண்ணெயோ கொழுப்போ கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து, உள்ளே சிவப்பு தெரியாமல் முழுதாக வேகவைத்து இறக்குங்கள்.